‘பார்க்க பஸ் மாதிரி இருந்தால் போதும்’ என்பவர்களுக்கு

சின்ன பஸ் செய்கிறவன் நான். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, ஓ.எச்.பி. தாளில் கண்ணாடி வைத்து, மதுரைச் சாலைகளில் ஓடுகிற, ஓடி முடித்த பஸ்களையும் லாரிகளையும் முப்பத்திரண்டில் ஒரு பங்காகச் செய்து அலமாரியில் நிறுத்துகிறேன். வீட்டுக்கு வருகிற யாரும் அவற்றைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. ஆனால் நான் ஸ்கேலைக் கையில் எடுத்த உடனே புத்திமதி வந்துவிடும். “எதுக்குண்ணே இந்த மெனக்கெடல்? பார்க்க பஸ் மாதிரி இருக்குல்ல, அது போதும்ணே.”

இதைச் சொல்வது விவரம் தெரியாதவர்கள் மட்டும் என்றால் விட்டுவிடலாம். இதே வேலையைச் செய்கிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நடுவராக வருகிற ஆசிரியர் சொல்கிறார். பஸ்ஸை விலைக்குக் கேட்டு வருகிறவர் சொல்கிறார். வடிவேலு பிறந்த ஊர் இது. நான் அளந்து வைக்கிற ஒவ்வொன்றுக்கும் ‘தேவையில்லாத ஆணி’ என்று பெயர் வைக்க இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்த வாக்கியம் ஊர் முழுக்க ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது, அது தப்பான கொள்கை.

என் ஆரம்ப கால பஸ் ஒன்றை ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் பார்த்தார். அதற்கு முன் இரண்டு வருடமாக எத்தனையோ பேர் பார்த்துப் பாராட்டிய வண்டி அது. மற்றவர்கள் எல்லாம் பெயின்டைத் தடவிப் பார்ப்பார்கள். இவர் தடவவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் குனிந்தார். பின் சக்கரத்துக்கும் பின் பம்பருக்கும் நடுவில் கட்டைவிரலையும் நடுவிரலையும் விரித்து வைத்தார். “தம்பி, வால் ரொம்ப நீண்டுபோச்சே. விளக்குத்தூண்ல திருப்புனா அங்கிட்டு ஓரமா நிக்கிறவனை அடிச்சுப்புடும்.”

அன்று ராத்திரி அளந்தேன். பஸ்ஸின் மொத்த நீளம் 344 மில்லிமீட்டர். 32-ஆல் பெருக்கினால் 11 மீட்டர், அதில் குறை இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 155 வைத்திருந்தேன். நான் செய்தது அசோக் லேலண்ட் வைக்கிங். அந்த சேசிஸின் அச்சுத் தூரம் 222 அங்குலம், அதாவது 5,639 மில்லிமீட்டர். என் கணக்கில் அது 176 ஆக இருந்திருக்க வேண்டும். 21 மில்லிமீட்டரைத் தொலைத்துவிட்டு அதைக் கொண்டுபோய் வாலில் சேர்த்திருந்தேன். விளைவு, பின் அச்சுக்குப் பின்னால் 125 மில்லிமீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்னால் தொங்கும் பகுதிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றன: அச்சுத் தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் பஸ்ஸில் அது 80 சதவீதம். எந்த ஆர்.டி.ஓ.வும் அதற்கு எஃப்.சி. கொடுத்திருக்க மாட்டார்.

ஓட்டுநருக்கு அந்த விதியின் எண் தெரிந்திருக்க அவசியமில்லை. வளைவில் வண்டியைத் திருப்பும்போது முதுகுக்குப் பின்னால் எவ்வளவு வண்டி இருக்கிறது என்பது அவர் தோளுக்குத் தெரியும். பார்க்க பஸ் மாதிரி இருந்தால் போதும் என்கிறார்களே, யார் பார்க்க? அந்த வாக்கியத்தில் இல்லாத சொல் அதுதான். ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்த என்னைப் போன்றவன் பார்த்தால் அது பஸ்தான். ஓட்டியவர், பாடி கட்டியவர், பட்டறையில் அதன் அடியில் படுத்து ஸ்பிரிங் பட்டை மாற்றியவர் பார்த்தால் அது வேறு என்னவோ. வண்டியை அறிந்தவனின் கண்ணை விட்டுவிட்டு, அறியாதவனின் கண்ணை அளவுகோலாக வைப்பது எந்தத் தொழிலில் நடக்கும்?

சரி, கண் அளவே போதும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பையன்கள் எதைப் பார்த்துச் செய்கிறார்கள்? மாட்டுத்தாவணியில் நிற்கிற பஸ்ஸையா? செல்போனில் எடுத்த படத்தை. அதுவும் பஸ்ஸின் முன்மூலையில் ஐந்தடி தள்ளி நின்று எடுத்தது; நெரிசலில் அதற்கு மேல் பின்னால் போக இடம் கிடையாது. அகன்ற லென்ஸ் கிட்டே இருப்பதை ஊதிப் பெரிதாக்கும், தள்ளி இருப்பதைச் சுருக்கும். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பி, பின்பக்கம் எலிவால் மாதிரி ஒடுங்கிய பஸ் படத்தில் கிடைக்கும். அதைப் பார்த்து ‘கண்ணுக்குச் சரியாக’ செய்து முடிக்கிறார்கள். அது லென்ஸின் கோளாறு. கோளாறை அப்படியே ஃபோம் ஷீட்டில் வெட்டி எடுத்து வைத்துவிட்டு, இதுதான் பார்வை, அளவெல்லாம் அப்புறம் என்றால் நான் என்ன சொல்ல? அந்த 21 மில்லிமீட்டரை நான் தொலைத்ததும் இப்படித்தான்.

சக்கரமும் அப்படித்தான் ஏமாற்றும். பழைய பஸ், லாரிகளில் வருகிற 10.00-20 டயரின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்றால் 33 மில்லிமீட்டர். பொம்மைக் கடையில் கழற்றி எடுக்கக் கிடைக்கிற சக்கரம் 25, 26-தான் இருக்கும். வித்தியாசம் வெறும் ஏழு மில்லிமீட்டர்தானே என்று அதையே மாட்டுகிறார்கள். நிஜத்தில் அது இருபத்திரண்டு சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண். லாரிக்கு வேன் டயர் மாட்டிய கதை. பிறகு ‘எங்கேயோ என்னமோ சரியில்லையே’ என்று பெயின்டை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஜப்பானின் தமியா நிறுவனம் 1970களில் போர்ஷே காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்ய இறங்கியது. ஜெர்மனிக்குப் போய் போர்ஷே தலைமையகத்தில் ஆராய்ந்தும் அவர்களுக்குத் திருப்தி வரவில்லை. கடைசியில் ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்கள். தொழிற்சாலையின் உதவி கிடைத்தவனுக்கே வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் தீரவில்லை. பாண்டியன் போக்குவரத்துக் கழக பஸ்ஸுக்கு எந்த நாட்டிலும் கிட் விற்கவில்லை, எந்த வரைபடமும் கடையில் கிடைப்பதில்லை. நமக்கு வாய்த்தது போனில் எடுத்த படமும் ‘போதும்ணே’வும்.

அடுத்த வாதம், இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள் என்பது. இதை மதுரையில் உட்கார்ந்துகொண்டு சொல்வதுதான் வேடிக்கை. சித்திரையில் அழகர் வைகையில் இறங்கும்போது, விடியாத இருட்டில், லட்சம் தலைகளுக்கு நடுவில் நின்று இந்த ஊர் முதலில் கவனிப்பது எதை? அழகர் என்ன நிறத்தில் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை. பச்சை என்றால் ஊர் செழிக்கும் என்று வீட்டுக்கு வீடு பேச்சு. நிறம் எதுவாக இருந்தால் என்ன, பார்க்க அழகர் மாதிரி இருந்தால் போதும் என்று அங்கே போய் யாராவது சொல்லிப் பாருங்கள். 1980-ல் மதுரை மேற்கில் எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்த காலத்து ஆட்கள் இன்னும் டீக்கடையில் கிடைப்பார்கள். அவருடைய அம்பாசிடரின் நம்பரைக் கேளுங்கள். 4777 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அவர்கள் முன்னால் 4747 என்று எழுதிய காரை நீட்டி, ‘ஒரே ஒரு இலக்கம்தானே மாறியிருக்கிறது’ என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மக்கள் கவனிப்பார்கள். தாங்கள் நேசிக்கிற வண்டியை நன்றாகவே கவனிப்பார்கள்.

அந்த அம்பாசிடரையே எடுங்கள். 1958 முதல் 2014 வரை கூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். வருஷத்தைக் காட்டிக்கொடுப்பது முகத்தில் இருக்கும் கிரில்லும் விளக்குகளும். 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4. கிரில்லை ஏனோதானோ என்று வைத்துவிட்டால் அந்தக் காருக்கு வயதே கிடையாது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் மோசம்: இங்கிலாந்தில் அந்த சலூனுக்கு இரண்டு கதவு, சென்னையில் பிற்பாடு நான்கு கதவு வைத்துச் செய்தார்கள். வெளிநாட்டுப் பொம்மையை வாங்கிச் சென்னை நம்பர் ஒட்டுகிறவர்கள் கதவை எண்ணிவிட்டு ஒட்டலாம்.

எதிர்த் தரப்பில் மதிக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. என்னைவிட நன்றாகக் கைவேலை தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னது. “விளாச்சேரியில கொலு பொம்மை செய்றாங்களே, அவங்க ஸ்கேல் வச்சா கிருஷ்ணனைச் செய்றாங்க? கை சொல்றதைக் கேட்டுச் செய்றாங்க, உயிரு இருக்கு. நீங்க அளந்து அளந்து செய்றதுல உயிரு போயிடுது.”

இந்த வாதத்தை இரண்டு நாள் யோசித்தேன். முதலில், விளாச்சேரிக்காரர் அளப்பதில்லை என்பது சரியில்லை. அவர் கையில் தலைமுறை தலைமுறையாக அளவு ஏறியிருக்கிறது. முகத்துக்கு உடல் எத்தனை பங்கு என்பதை அவர் கண்ணைக் கட்டிக்கொண்டும் பிடிப்பார். என் கைக்கு அந்தப் பாக்கியம் இல்லாததால் ஸ்கேல் வைத்திருக்கிறேன். இரண்டாவது, அவர் செய்வது கிருஷ்ணனை. எந்தக் கிருஷ்ணன் என்று யாரும் கேட்பதில்லை. நான் செய்வது பொன்மேனி கிளையில் நின்று, இன்ன நம்பரில், இன்ன ஊருக்கு ஓடிய ஒரு பஸ். அது பிறந்த தேதி உண்டு, கழித்துக்கட்டிய தேதி உண்டு. ஒருவரின் படத்தை வரைந்து அடியில் அவர் பெயரையும் எழுதிவிட்டால், மூக்கு யாருடையதாக இருந்தால் என்ன என்று கேட்க முடியாது. பெயர் எழுதாமல், ‘இது சும்மா ஒரு பஸ்’ என்று வையுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். டப்பாவின் அளவுக்கு லாரியையும் காரையும் ஒரே நீளமாகச் சுருக்கி விற்கிற பொம்மைகளை நானும் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிறேன். அது பொம்மை. தன்னை வேறெதுவாகவும் சொல்லிக்கொள்வதில்லை.

நண்பருக்கு நான் விட்டுக்கொடுப்பது ஒன்றை மட்டும். எல்லாவற்றையும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஜன்னல் ரப்பரின் தடிமன் என் அளவில் அரை மில்லிமீட்டருக்கும் சற்று மேல். திருகாணியின் தலை தூசி. அதை எல்லாம் செய்ய நினைத்தால் பெரிதாகத்தான் வரும். பெரிதாக வந்தால் பொய். ஆகவே விட்டுவிடுகிறேன். விடுவது வேறு, தப்பாகச் சொல்வது வேறு. இந்த இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டியதால்தான் ‘போதும்ணே’ கட்சி இவ்வளவு வளர்ந்திருக்கிறது. நான் ஆணிகளை எண்ணி வைக்கச் சொல்லவில்லை. இல்லாத ஆணியை வைக்காதே என்கிறேன்.

இன்னொரு வாதம் சாமர்த்தியமானது. நம் ஊர் பஸ் எதுவும் ஒன்று போல் ஒன்று இருப்பதில்லையே, அப்புறம் எது சரி, எது தப்பு?

முதல் பாதி உண்மை. ஓசூர் நெடுஞ்சாலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: கூரையும் இல்லாமல் கதவும் இல்லாமல், வெறும் எலும்புக்கூடாக சேசிஸ் போகும், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பலகை சீட்டில் உட்கார்ந்து டிரைவர் ஓட்டுவார். அது கரூருக்கோ இன்னொரு பட்டறைக்கோ போய்ச் சேர்ந்து, கையால் வளைத்த தகட்டில் கூண்டு கட்டிக்கொள்ளும். ஒரு பட்டறை நெற்றியைச் சற்றுத் தூக்கும், இன்னொன்று ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கும். தொழிற்சாலையின் வரைபடம் அதில் பாதி பஸ்ஸுக்குத்தான் செல்லும். மீதி, பெயர் தெரியாத கொல்லர்களும் தச்சர்களும் பெயின்டர்களும் முடிவு செய்தது. ஒவ்வொன்றும் வேறு என்பதால் எதைச் செய்தாலும் சரி என்றா ஆகும்? ஒவ்வொன்றும் வேறு என்பதால்தான் ‘எந்த பஸ்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். நூறு வீட்டுச் சாம்பார் நூறு ருசி. அதற்காக ரசத்தை ஊற்றிவிட்டுச் சாம்பார் என்று சொல்ல முடியுமா?

எந்த பஸ், எந்த வருஷம் என்று கேட்கத் தொடங்கினால், பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஒரு வரியே பேசும். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910களில் தொடங்கிய பஸ் கம்பெனி ஒரு காலம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, அதே டி.வி.எஸ். கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்தது. அந்தக் காலத்துக் கரி பஸ்ஸைச் செய்கிறவர், அசிங்கமாக இருக்கிறது என்று அந்தக் கரி அடுப்பை விட்டுவிட்டு வழுவழுப்பான பஸ்ஸை நிறுத்தினால், போரையே அழித்துவிட்டார் என்று அர்த்தம். பிறகு 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம். 1997-ல் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததை ஒட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் வைத்திருந்த பெயர்கள் எல்லாவற்றையும் அரசு எடுத்தது. பாண்டியனும் போனான். அன்றிலிருந்து தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம். ஆகவே ‘1985 மதுரை டவுன் பஸ்’ என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு, பக்கவாட்டில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று எழுதினால், அது எழுத்துப் பிழை அல்ல. நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று சொல்வது. அதே பஸ்ஸுக்கு டி.என். 58 என்று நம்பரும் கொடுத்திருப்பார்கள், டி.என். வரிசை வந்ததே 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989-ல் அமலுக்கு வந்த பிறகுதான்.

லாரியில் இந்தக் கூத்து இன்னும் அதிகம். மேலூர்ப் பக்கத்து லாரி ஒன்றை ஒரு பையன் அழகாகச் செய்திருந்தான். பின்கதவில் ‘ஹாரன் ஓகே ப்ளீஸ்’. தம்பி, நம்ம ஊர் லாரியின் முதுகில் ‘சவுண்ட் ஹாரன்’ என்றல்லவா இருக்கும், இது வடக்கத்தி வண்டி எழுத்தாச்சே என்றேன். படத்தில் அப்படித்தான் இருந்தது என்றான். எந்தப் படத்தில்? இந்திப் படத்தில். நேஷனல் பெர்மிட் லாரிக்குக் காய்ந்த இலைப் பழுப்பு நிறமும் தடித்த வெள்ளைக் கரையும் என்று மோட்டார் வாகன விதியிலேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் பழுப்பைக் கலந்து எடுக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போயின. அவன் மஞ்சளும் பச்சையும் அடித்திருந்தான். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது.

செலவைப் பற்றிச் சொல்கிறவர்களுக்குப் பதில் இரண்டு வரி. சரியான இடத்தில் வெட்டினாலும் தப்பான இடத்தில் வெட்டினாலும் ஃபோம் ஷீட்டின் விலை ஒன்றுதான். டேப்பை இரவல் வாங்கலாம்.

ஆனால் இந்த எல்லா வாதங்களுக்கும் அடியில் ஒன்று கிடக்கிறது. எனக்குக் கோபம் வருவது அதில்தான். ‘நம்ம ஊர்ப் பையன் அட்டையை வச்சு இந்த அளவுக்குச் செஞ்சதே பெரிசு’ என்று சொல்லி முதுகில் தட்டுகிறார்களே, அந்தத் தட்டு. ஜெர்மனிக்காரன் செய்த லாரியில் சைடு மிரர் ஒரு மயிரிழை தள்ளி இருந்தால் குறை சொல்லத் தெரிந்த ஆள், உள்ளூர்ப் பையனின் பஸ்ஸில் சக்கரம் ஒரு சாண் குறைந்தாலும் ‘சூப்பர்டா’ என்கிறார். அது பாராட்டு இல்லை. உன்னிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை என்பதை நல்ல வார்த்தையில் சொல்வது. அந்தப் பஸ்ஸைக் கட்டிய கரூர்த் தொழிலாளியிடமும் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் அந்தக் கூண்டின் வளைவு எப்படி இருந்தால் என்ன என்று தோன்றுகிறது. போர்ஷேயின் வளைவுக்கு ஒரு நியாயம், டவுன் பஸ்ஸின் வளைவுக்கு ஒரு நியாயம்.

போட்டோ இருக்கிறதே, வீடியோ இருக்கிறதே, பதிவுக்கு அது போதாதா என்பார்கள். போட்டோவில் கூரை தெரியாது, அடிப்பாகம் தெரியாது, அகலம் தெரியாது. 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1-க்குப் பிறகு செல்லாது என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. 2022-ல் இலவசப் பயண பஸ்களுக்கு முன்னும் பின்னும் ரோஸ் நிறம் அடிக்கத் தொடங்கினார்கள். 2023-ல் கூண்டு புதுப்பித்த வண்டிகள் மஞ்சளாக வந்தன. நாம் சின்ன வயதில் ஏறிப் போன பஸ் இரும்புக் கடையில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. காந்தி அருங்காட்சியகம் இருக்கிற ஊரில் ஒரு பாண்டியன் பஸ் நிற்க ஒரு கொட்டகை போடுவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மிஞ்சப்போவது பையன்கள் ஃபோம் ஷீட்டில் செய்து வைத்ததுதான். அதிலும் வால் நீண்டிருந்தால், நாளைக்கு அதைப் பார்த்துச் செய்கிறவனும் வாலை நீட்டித்தான் செய்வான்.

இப்போது என் மேசையில் 1980 வாக்கில் ஓடிய ஒரு பாண்டியன் வெளியூர் பஸ் பாதியில் நிற்கிறது. அச்சுத் தூரம் 176, டயர் 33. கூரையை இன்னும் ஒட்டவில்லை. எனக்குக் கிடைத்த படங்கள் எல்லாம் தரையில் நின்று எடுத்தவை; கேரியரின் குறுக்குக் கம்பிகள் எதிலும் தெரியவில்லை. ஏழு என்கிறார் ஒரு கண்டக்டர், ஒன்பது என்று அடித்துச் சொல்கிறார் இன்னொருவர். பின்பக்க ஏணியில் ஏறி அந்தக் கேரியரில் வாழைத்தாரோ வெற்றிலைக் கட்டோ கட்டியவர்கள் சோழவந்தான், உசிலம்பட்டிப் பக்கம் யாராவது இருப்பீர்கள். எத்தனை கம்பி என்று சொல்லுங்கள்.